விமானி கடற்படைத் தளபதியாவது எப்படி?

மதிப்பிற்குரிய ஐயா,

1971ஆம் ஆண்டுப் போரில் விக்ராந்த் கப்பலின் பங்கு குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்தக் கப்பலின் தளத்தில் முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கிய இளைஞரே பின்னாளில் இந்தியக் கடற்படையின் தளபதியானார் என்று அதில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அது புதிராக இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் விமானம் ஓட்டிய ஒருவரிடம் கப்பல்களால் ஆன ஒரு படையை எப்படி ஒப்படைக்கிறார்கள்? பிளஸ் டூ படிக்கும் என் மகள் கடற்படை விமானியாக வேண்டும் என்கிறாள். "விமானியாகப் போனால் கடைசிவரை விமானிதான், பெரிய பதவிக்கெல்லாம் போக முடியாது" என்கிறார் உறவினர் ஒருவர். அது உண்மையா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்கும் அந்த இளைஞர், அட்மிரல் தஹிலியானி, வாழ்நாள் முழுவதும் விமானம் ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் அவர் அட்மிரலாகியிருக்கவே மாட்டார். உங்கள் புதிருக்கான விடை பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது என்றாலும், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மே 18 அன்று லெப்டினன்ட் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி அதன் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கினார். இது எத்தகைய காரியம் என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் விளங்கும். கப்பலின் மொத்த நீளமே ஏறத்தாழ 213 மீட்டர்தான்; விமானம் இறங்குவதற்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி, அதுவும் இடப்பக்கமாகச் சாய்ந்து செல்லும் ஓடுதளம். வாலுக்கடியில் நீட்டப்பட்டிருக்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் எஃகு வடங்களில் ஒன்றைப் பற்றியாக வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினின் விசையைக் குறைப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் செய்வது அதற்கு நேர்மாறானது: முழு விசையையும் கொடுக்கிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் தளத்தின் விளிம்பைத் தாண்டுவதற்குள் மீண்டும் பறந்து எழுவதற்கு அது ஒன்றே வழி. நிற்பதற்காக வந்திறங்கும் அந்த நொடியிலேயே பறப்பதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதால், தரையில் மட்டும் இறங்கிப் பழகிய விமானிக்கு இது எளிதில் கைவராது.

ஆனால் இந்தக் காரியத்தில் பாதி கப்பலுடையது. விமானம் எழுவதற்கும் இறங்குவதற்கும் கப்பல் காற்றின் திசையை எதிர்கொண்டு திரும்பி, போதிய வேகத்தில் ஓட வேண்டும். வீசும் காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்துதான் தளத்தின்மேல் விமானத்திற்குத் தேவையான காற்றைத் தருகின்றன. 1971இல் விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் கண்டிருந்ததால் அதன் வேகத்திற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. கப்பல் மெதுவாக ஓடினால் தளத்தின்மேல் காற்று குறையும். காற்று குறைந்தால் விமானம் சுமந்து செல்லக்கூடிய எடையையும் குறைக்க நேரும். அந்த நிலையில்தான் டிசம்பர் 4 அன்று அதன் ஸீ ஹாக் போர் விமானங்கள் வங்காள விரிகுடாவிலிருந்து எழுந்து அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. கொதிகலனின் நிலை, காற்றின் போக்கு, குண்டின் எடை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரே விமானந்தாங்கிக் கப்பலை நடத்த முடியும் என்பதால், விமானிக்கும் மாலுமிக்கும் இடையே நீங்கள் காண்கிற சுவர் அந்தக் கப்பலில் இருக்கவே முடியாது.

இந்தியக் கடற்படை இதை அதிகாரிகளின் பயிற்சியிலேயே அமைத்து வைத்திருக்கிறது. நீண்ட காலப் பணிக்கு வரும் விமானி முதலில் கடல் அதிகாரி, பிறகுதான் விமானி. பறக்கும் பணிக்கு நடுவே அவர் கப்பலுக்குத் திரும்பி, வாட்ச்கீப்பிங் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அந்தத் தாளின் மதிப்பு வெளியில் உள்ளவர்களுக்கு எளிதில் புலப்படாது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கேப்டன் தம் அறையில் உறங்க, மீன்பிடி படகுகளின் விளக்குகள் சிதறிக் கிடக்கும் கடலில், கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நிற்கும் இருபதுகளின் வயதுக்காரர் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் கப்பலை நடத்துகிறார். அவரை நம்பி உறங்கலாம் என்று கேப்டன் எழுத்தில் தரும் ஒப்புதல்தான் அந்தச் சான்றிதழ். அது கிடைக்காமல் கப்பலின் தலைமை கிடைக்காது. கப்பலின் தலைமை இல்லாமல் அட்மிரல் பதவியை எண்ணிப் பார்க்க முடியாது.

தஹிலியானி இந்த வழியில்தான் சென்றார். எந்தத் தளத்தில் லெப்டினன்ட்டாக இறங்கினாரோ அதே விக்ராந்துக்குப் பின்னாளில் கேப்டனாகத் தலைமை வகித்தார். 1984 டிசம்பரில் கடற்படைத் தளபதியானார். இரண்டாவது விமானந்தாங்கிக் கப்பலான விராட், பிரிட்டனிடமிருந்து வாங்கப்பட்டு 1987 மே மாதம் படையில் சேர்ந்தது அவருடைய காலத்தில்தான். (ஓய்வுக்குப் பின் சிக்கிம் ஆளுநராகவும் இருந்தார். அது வேறு கதை.)

அட்மிரல் அருண் பிரகாஷின் வரலாறு இதைவிடச் சுவையானது. 1971 போரின்போது அவர் விமானப்படைக்கு அனுப்பப்பட்டிருந்தார். கடற்படைச் சகாக்கள் விக்ராந்திலிருந்து பறந்துகொண்டிருந்தபோது, இவர் விமானப்படையின் 20ஆவது ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) ஹண்டர் போர் விமானத்தை ஓட்டி மேற்குக் களத்தில் போரிட்டு வீர் சக்ரா பெற்றார். 1983இல் ஸீ ஹாரியர் விமானங்கள் இந்தியாவுக்கு வந்தபோது அவற்றை ஓட்டிய கடற்படை ஸ்குவாட்ரனின் தலைவர் அவரே. பிறகு விராட் கப்பலின் கேப்டன். 2001இல் முப்படைகளையும் இணைத்து அந்தமானில் உருவாக்கப்பட்ட கட்டளையகத்தின் முதல் தலைமைத் தளபதி. 2004 முதல் 2006 வரை கடற்படைத் தளபதி. அவர் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே சுனாமி வந்தது. நம் கரையே அடிபட்டிருந்த அந்த நாட்களிலும் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிவாரணத்துடன் சென்றன. ஹாரியரை ஓட்டிய திறமையால் மட்டும் நடக்கிற வேலை அல்ல அது.

போர் விமானம் ஓட்டியவர்களுக்குத்தான் இந்த வாய்ப்பு என்றும் எண்ண வேண்டாம். 2019இல் தளபதியான அட்மிரல் கரம்பீர் சிங் ஹெலிகாப்டர் விமானி. சேத்தக்கும் காமோவும் ஓட்டிய அவர், ஒரு கடலோரக் காவல்படைக் கப்பலுக்கும், விஜய்துர்க், ராணா, டெல்லி ஆகிய போர்க்கப்பல்களுக்கும் தலைமை வகித்திருக்கிறார்.

அமெரிக்கர்கள் இதே சிக்கலை ஒரு காலத்தில் தலைகீழாகத் தீர்த்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலின் தலைமை விமானப் பயிற்சி பெற்றவருக்கே என்று 1920களில் அங்கே சட்டம் வந்தது. அதனால் நரைகண்ட கப்பல் அதிகாரிகள் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். எர்னஸ்ட் கிங் 48 வயதிலும், வில்லியம் ஹால்சி 52 வயதிலும் விமானிச் சின்னம் பெற்றனர். இருவருமே இரண்டாம் உலகப் போரின் பெரும் அட்மிரல்கள். ஆனாலும் நம்முடைய வழியே மேல் என்பது என் எண்ணம். பறப்பதன் அச்சத்தையும் துணிவையும் இளமையில் அறிந்தவர், பின்னாளில் கட்டளையிடும் இடத்தில் அமரும்போது, தாம் எதைக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்பார். இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. மிக நன்றாகப் பறக்கும் வயதில் விமானத்தை விட்டுக் கப்பலுக்குப் போக வேண்டும். சிலர் அதை விரும்பாமல் விமானியாகவே ஓய்வு பெறுகிறார்கள்.

உங்கள் உறவினரின் கூற்றில் பாதி உண்மை உண்டு. குறுகிய காலப் பணியில் சேர்பவர்கள் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு ஆண்டுகளில் விடைபெறுகிறார்கள். அட்மிரல் வரிசைக்கு அந்தக் காலம் போதாது. எனவே உங்கள் மகள் பார்க்க வேண்டியது எந்த வழியாகச் சேர்கிறாள் என்பதை. தேசிய பாதுகாப்பு அகாடமி 2022 முதல் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. நீண்ட காலப் பணிக்கு அதுவே நேரான வாசல். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் நல்ல கண் மருத்துவரிடம் பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். விமானிப் பிரிவுக்கான அளவுகோல் கடுமையானது. எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் வென்ற பிறகு அங்கே தடுக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.