கணக்கில் குறைந்த பிள்ளை

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புறத்துப் பழைய செய்தித்தாள்களில், குடும்பத்தில் நடந்த இறப்பு, அடக்கம் பற்றிய செய்திகளைத் தேடி எடுத்தவர்கள் யாராவது உண்டா? எங்கிருந்து தொடங்குவது? என்ன கிடைக்கும்?

நான் மூன்று வருஷம் தேடியிருக்கிறேன். என் கணவர் குடும்பத்துக்காக. நான் பாளையங்கோட்டைக்காரி. அவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவில் இருக்கும் கஸ்டர் கவுன்ட்டியில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கவுன்ட்டி, தென்காசி பிரிவதற்கு முன்னால் இருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் பரப்பளவுக்கு ஏறக்குறைய வரும். ஆனால் இன்றைக்கும் அங்கே வசிப்பவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான். மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, நடுநடுவே சோளக்காடு, மாடுகள். அங்கே ஒரு குழந்தை எங்கே புதைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்தது அந்த ஊர் வாரப் பத்திரிகைதான்.

என் மாமியாருக்கு இப்போது 81 வயது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. அவர் வீட்டில் ஒரு பெரிய குடும்ப வேதாகமம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதத் தனித்தனிப் பக்கங்கள். அதில் அத்தையுடைய பாட்டியின் உடன்பிறந்தவர்கள் ஏழு பேர், பாட்டியையும் சேர்த்து. ஒரு பையன் 1896-ல் இறந்தான், அவனுக்குக் கல்லறையும் கல்லும் இருக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1900-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: மொத்தம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், இப்போது எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? பாட்டியின் அம்மாவின் பெயருக்கு நேரே இருந்த எண்கள் 8, 6. வேதாகமத்தில் ஏழு பெயர். இறந்ததாகத் தெரிந்தது ஒருவன். அப்படியானால் இன்னொரு பிள்ளை எங்கே?

அத்தையிடம் கேட்டேன். "பனிப்புயலில் ஒரு பிள்ளை போய்விட்டது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெயர் எல்லாம் யாரும் சொன்னதில்லை" என்றார்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நேரே குருவானவர் வீட்டுக்குப் போவோம். சபையின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, அடக்கம் பண்ணிய தேதி, ஆராதனை நடத்தியவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தா மரித்த தேதியைக்கூட அப்படித்தான் எடுத்தோம். நெப்ராஸ்காவிலும் அதையே எதிர்பார்த்தேன். அங்கே 160 ஏக்கர் இலவச நிலத்துக்காக வந்து குடியேறியவர்கள், புல்லை வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டு இருந்தவர்கள். பல இடங்களில் முதல் சில வருஷங்களுக்கு ஆலயமே கிடையாது. போதகர் குதிரையில் சுற்றி வருவார், மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். பதிவேட்டுக்கு எங்கே போவது?

அரசாங்கமும் உதவவில்லை. நெப்ராஸ்கா மாநிலம் இறப்புகளைப் பதிவு செய்ய ஆரம்பித்ததே 1904-ல்தான். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் போய்விட்டது. 1880, 1890 கணக்கெடுப்புகளுக்கு நடுவே, 1885-ல், நெப்ராஸ்காவில் தனியாக ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள், அதில் இந்தப் பிள்ளை இல்லை. ஆக, 1885-க்குப் பிறகு பிறந்து 1900-க்கு முன்னால் இறந்த ஒரு குழந்தை, அரசாங்கக் காகிதம் எதிலும் இல்லாமல் போக முடியும். வேதாகமத்தை வெயிலில் பிடித்து மறுபடியும் பார்த்தேன். ஏழு பெயரும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. பிள்ளை பிறக்கப் பிறக்க எழுதியது கிடையாது. பின்னாளில் யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது. உங்கள் வீட்டில் இப்படிப் பக்கம் இருந்தால் முதலில் மையைப் பாருங்கள்.

அதனால் பத்திரிகைக்கு வந்தேன். கவுன்ட்டியின் தலைமையூரான ப்ரோக்கன் போவில் அந்தக் காலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வார இதழ்கள் வந்தன. சிலவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகப் படிக்கலாம். மற்றவை மாநில வரலாற்றுச் சங்கத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன.

பனிப்புயல் என்றதும் எல்லாரையும் போல நானும் 1888 ஜனவரி 12-க்குத்தான் போனேன். அன்று காலையில் வெயில் அடித்ததை நம்பிப் பிள்ளைகள் மெல்லிய உடுப்போடு பள்ளிக்கூடம் போனார்கள். மத்தியானம் சுவர் மாதிரி வந்தது புயல். 235 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. பக்கத்து வேலி கவுன்ட்டியில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் மாணவர்களைப் பத்திரமாக ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த இதழ்களில் வாரக்கணக்காக இறந்தவர்கள், விரல் இழந்தவர்கள், இன்னும் கிடைக்காதவர்கள் என்று பட்டியல். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். இரண்டு மாதம் போனது. எங்கள் பிள்ளை அதில் இல்லை.

பிறகுதான் புரிந்தது. ஒரு வீட்டில் நடந்த சின்னச் சாவை, மூன்று தலைமுறை தாண்டும்போது அந்தக் காலத்தின் பெரிய சாவோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. பனி பெய்த நாளில் ஒரு பிள்ளை இறந்தது என்பது பனிப்புயலில் இறந்தது என்று ஆகிவிடும். குடும்பத்தில் சொல்வதை ஒதுக்காதீர்கள். ஆனால் அதில் வரும் பெரிய சம்பவத்தின் தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது தவறு, கணினித் தேடலை நம்பியது. தேய்ந்த எழுத்து, கிழிந்த பக்கம், கோடு விழுந்த ஃபிலிம். இதையெல்லாம் படித்து மென்பொருள் தரும் எழுத்தில் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்திருக்கும். அதற்கும் மேல், கல்யாணமான பெண்ணுக்கு அந்தப் பத்திரிகைகளில் சொந்தப் பெயரே கிடையாது. மிஸஸ் என்று போட்டுப் புருஷன் பெயர்தான். கைக்குழந்தை இறந்தால் இன்னாருடைய குழந்தை, அவ்வளவுதான். பெயரைத் தட்டித் தேடினால் பெண்களும் பிள்ளைகளும் கிடைக்கவே மாட்டார்கள். தேடலை மூடிவிட்டு, 1886-லிருந்து வாரம் வாரமாக, கண்ணால் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்கப் பத்திரிகையின் அமைப்பு பிடிபட்டது. உள்பக்கங்கள் பெரும்பாலும் வெளியூர்க் கம்பெனி அச்சடித்து அனுப்பியவை: தொடர்கதை, மருந்து விளம்பரம், வாஷிங்டன் செய்தி. அதைத் தாண்டிவிடலாம். உயிர் இருப்பது, ஒவ்வொரு சின்ன வட்டாரத்திலிருந்தும் யாராவது எழுதி அனுப்பும் பத்தியில். பள்ளி ஆசிரியையோ குடியானவர் மனைவியோ புனைபெயரில் எழுதுவார்கள். யார் வீட்டில் விருந்தாளி, யார் கிணறு வெட்டினார்கள், யார் பன்றி விற்றார்கள், யாருக்குச் சுகமில்லை. மரண அறிவிப்பு என்று தலைப்புப் போட்டு வருவது ஊரில் பெயர் உள்ளவர்களுக்கு. மற்றவர்களின் சாவு, பன்றி விற்ற வரிக்கும் கிணறு வெட்டிய வரிக்கும் நடுவில் கிடக்கும்.

1889 நவம்பரில் அடுத்தடுத்த இரண்டு இதழ்களில் அப்படித்தான் கிடைத்தது. மூன்று வரி. முதல் வாரம், இன்னார் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு மெம்பரனஸ் க்ரூப், நிலைமை மோசம். அடுத்த வாரம், அந்தப் பெண் வியாழக்கிழமை இறந்தது, மறுநாள் பனிக்கு நடுவில் அடக்கம், பெற்றோருக்கு அனுதாபம். சுருளை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று வெளியேயும் பனிதான்.

நோய்ப் பெயர்கள் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மெம்பரனஸ் க்ரூப் என்று அன்றைக்கு எழுதியதில் பெரும்பாலானவை தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. அதற்கான எதிர்ப்பு மருந்து புழக்கத்துக்கு வந்தது 1890-களின் நடுவில். எங்கள் பிள்ளைக்கு ஐந்தாறு வருஷம் பிந்தி. காலரா இன்ஃபான்டம் என்று பார்த்தால் காலரா என்று நினைக்க வேண்டாம், கோடையில் கைக்குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு அது. தேதிகளிலும் கவனம் வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் இன்ஸ்ட் என்று இருந்தால் இந்த மாதம், அல்ட் என்று இருந்தால் போன மாதம். நான் ஒரு அல்ட்டைக் கவனிக்காமல் வேறொருவர் இறந்த தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதிவைத்திருந்தேன். அதேபோல அடக்கம் வேறு, அடக்கப் பிரசங்கம் வேறு. போதகர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் பிரசங்கம். எங்கள் பிள்ளைக்கு நவம்பரில் அடக்கம், ஏப்ரலில் பிரசங்கம்.

சாவுச் செய்தி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிந்திய இரண்டு மூன்று இதழ்களில் நன்றி அறிவிப்பு வரும். வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தாருக்கு நன்றி சொல்வது. எங்களுக்குக் கிடைத்த அறிவிப்பில், தன் வண்டியின் பலகையைக் கழற்றிப் பெட்டி செய்து கொடுத்த ஒருவர், இரவு முழுக்க உட்கார்ந்து உடுப்புத் தைத்த ஒரு அம்மாள், உறைந்த தரையில் குழி வெட்டிய இரண்டு சகோதரர்கள், தன் நிலத்தில் இடம் கொடுத்த ஒரு அயலார் என்று எல்லாருடைய பெயரும் இருந்தது. பொதுக் கல்லறைத் தோட்டம் இல்லாத இடத்தில் இப்படிச் சொந்த நிலத்தில்தான் புதைத்தார்கள். அந்தக் கவுன்ட்டியின் மண்வீடுகளைப் படம் பிடித்த சாலமன் புட்சர் 1887-ல் எடுத்த ஒரு படத்தில், ஒரு குடும்பம் தங்கள் குழந்தையின் கல்லறையைச் சுற்றி நிற்கிறது. சுற்றிலும் வெறும் நிலம். அந்தப் படத்தை முன்பு பார்த்திருக்கிறேன். நன்றி அறிவிப்பைப் படித்த பிறகு அதை மறுபடி பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் பெயர் தெரியவில்லை. நன்றி அறிவிப்பின் கடைசியில் ஒரு சின்ன வரி: இல்லினாய் மாநிலத்தில் ஒரு கவுன்ட்டியின் பெயரைச் சொல்லி, அங்குள்ள பத்திரிகைகள் தயவுசெய்து எடுத்துப் போடவும் என்று. தொலைவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சேதி போய்ச் சேர அன்றைக்கு இருந்த வழி அது. அந்தக் கவுன்ட்டி நூலகத்துக்கு எழுதினேன். அங்கே தன்னார்வலராக இருக்கும் ஒரு முதியவர் ஆறு வாரம் கழித்து ஒரு ஒளிநகல் அனுப்பினார். அந்தப் பிள்ளையின் தாத்தா பாட்டி இருந்த ஊர்ப் பத்திரிகை என்பதால், நெப்ராஸ்காவில் மூன்று வரியாக இருந்தது அங்கே பதினோரு வரி. பிறந்த தேதி, வயது மூன்று வருஷம் இரண்டு மாதம், பெயர்.

அத்தை சமையலறை மேசையில் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "இது பாட்டி பெயர் ஆயிற்றே" என்றார். பாட்டி பிறந்தது 1891-ல், இந்தப் பிள்ளை போய் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். பின்னாளில் வேதாகமத்தில் எழுதியவர், இரண்டு பேரை ஒரே ஆள் என்று நினைத்துவிட்டார். அத்தைக்கும் நடுப்பெயர் அதுதான். பாட்டி நினைவாக வைத்தது என்றே இதுவரை நினைத்திருந்தார்.

எங்கள் ஊரில் தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு கஷ்டமாக இல்லை. இடம் கொடுத்த அயலாரின் நிலம் எது என்பதும் பத்திரிகையிலேயே இருந்தது. இலவச நிலத்துக்கு முழு உரிமை கேட்பவர், நிலத்தின் எண்ணையும் சாட்சிகளையும் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். இப்போது அது ஒருவருடைய மேய்ச்சல் நிலம். கேட்டதும் அவரே வண்டியில் கூட்டிப்போனார். "அந்த மூலையில் உழக் கூடாது என்று எங்கள் அப்பா சொல்வார், ஏன் என்று அவருக்கும் தெரியாது" என்றார். ஒரு கிழட்டுச் செடார் மரம், அதன் அடியில் ஒரு லைலாக் புதர், புல்லுக்குள் பாதி புதைந்த நாலு கல். கல்லில் எழுத்து எதுவும் இல்லை.

மே மாதக் கடைசியில் இங்கே கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். எங்கள் கல்லறைத் திருநாள் மாதிரி, மெழுகுவர்த்தி மட்டும் இல்லை. போன வருஷம் அத்தை தன் தோட்டத்துப் பியோனிப் பூக்களைக் காப்பித் தகரத்தில் தண்ணீர் ஊற்றி எடுத்துவந்தார். தகரம் காற்றில் சாயாமல் இருக்க நான் சுற்றிலும் மண்ணை அணைத்து அமுக்கினேன். அத்தை குனிய முடியாமல் செடார் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்.