எட்டரை ஆண்டு ஆனபிறகும் இளம் ஆய்வாளரா?

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி எட்டரை ஆண்டு ஆகிறது. நடுவில் குழந்தைக்காக ஒன்றேகால் ஆண்டு ஆய்வை நிறுத்தியிருந்தேன். இளம் ஆய்வாளர் விருதுகளுக்கு இனி வழியில்லையா? போன முறை மாநாட்டுப் பயண உதவியும் கிடைக்கவில்லை.

பதில்: வழி இருக்கிறது, ஆனால் சங்கத்துக்குச் சங்கம் கணக்கு வேறு. சர்வதேச இயற்பியல் ஒன்றியத்தின் இளம் ஆய்வாளர் பரிசுக்கு, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், இடைவெளி கழிக்கப்படும். உங்களுக்கு ஏழேகால்தான் ஆகிறது. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்திலோ 7 ஆண்டு, குழந்தைக்கு ஓராண்டு வரை சலுகை. அந்தக் கணக்கில் நீங்கள் வெளியே. கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆய்வு ஆண்டுகளைப் பார்ப்பதே இல்லை. 40 வயதுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணத் தொடங்கும் நாள் வாய்மொழித் தேர்வு நாளா, பட்டமளிப்பு நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிலேயே சில மாதம் கூடும், குறையும்.

இத்தகைய பரிசுகள் பலவற்றுக்கு நாமே விண்ணப்பிக்க முடியாது, இன்னொருவர் முன்மொழிய வேண்டும். யாராவது தானாகவே நினைவு வைத்துச் செய்வார் என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டு மாதம் முன்பே கூச்சப்படாமல் கேளுங்கள். கையோடு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: மூன்று முடிவுகள், ஒவ்வொன்றிலும் உங்கள் சொந்தப் பங்கு என்ன, இடைவெளி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. முன்னாள் வழிகாட்டியின் கடிதம் மட்டும் போதாது. அவர் நிழலிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்பதுதான் குழுவின் சந்தேகமே. உங்களோடு கட்டுரை எழுதாத ஒருவரின் கடிதம் அதைத் தீர்க்கும். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதும் கடிதத்தால் பயனில்லை. சொல்லப்போனால், வேறு சொல்ல ஒன்றுமில்லை என்றே அதைப் படிப்பார்கள்.

பயண உதவி வேறு வகை. உறுப்பினர் சந்தா காலாவதி, ஆய்வுச் சுருக்கத்தை வழங்குபவராக வேறொருவர் பெயர், சுருக்கத்தோடு சேர்த்தே உதவிப் படிவத்தையும் கேட்டதைக் கவனிக்காமல் விட்டது: பெரும்பாலும் இவற்றில்தான் தட்டும். தொகை முழுச் செலவுக்கும் காணாது என்பதால், மீதிக்கு என்ன ஏற்பாடு என்று எழுதாத விண்ணப்பமும் பின்தங்கும். கிடைத்தாலும் பல சங்கங்கள் மாநாடு முடிந்து ரசீது பார்த்தே பணம் தரும். முன்பணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

இயற்பியல் ஒன்றியக் கணக்குப்படி உங்களிடம் இன்னும் முக்கால் ஆண்டு இருக்கிறது. அடுத்த முன்மொழிவுக் கெடு அதற்குள் வருகிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.