துளையிட அனுமதி கிடைத்தால் சுரங்கம் வந்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவின் நெவாடாவில், அரசு நிலத்தில் லித்தியம் தேடித் துளையிடும் நிறுவனத்தின் பங்குகளை வாங்கும்படி முகவர் ஒருவர் வற்புறுத்துகிறார். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்று கூறி ஒரு கடிதத்தைக் காட்டுகிறார். சில துளைகளால் நிலத்துக்கு என்ன கெடுதல் என்றும் கேட்கிறார். நம்பலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். அது சுற்றுச்சூழல் அனுமதி அன்று. நிறுவனம் கொடுத்த அறிவிப்பு தங்களிடம் வந்து சேர்ந்தது என்று அந்நாட்டு நில மேலாண்மைப் பணியகம் எழுதிய ஒப்புகைக் கடிதம், அவ்வளவுதான். தாக்கத்தை யாரேனும் மதிப்பிட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பணியகத்தின் பொறுப்பிலுள்ள நிலத்தில், 5 ஏக்கருக்கு மேற்படாத பரப்பைக் கிளறித் தாதுவைத் தேடுபவர், 15 நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, நிலத்தைச் சீரமைப்பதற்கான பிணைத்தொகையையும் கட்டிவிட்டால் வேலையைத் தொடங்கலாம். தாக்க மதிப்பீடு வேண்டியதில்லை. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதும் இல்லை. பாலைவனத்தின் நிலத்தடி நீரைத் தொடும் ஒரு வேலைக்கு இந்த அவகாசம் போதும் என்று எந்த அறிவியல் சொல்லிற்றோ, எனக்கு விளங்கவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பணம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடமும் அதுவே. அழியும் ஆபத்திலுள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட உயிரினங்களின் வாழிடத்தில், பரப்பு 5 ஏக்கருக்குக் குறைவாக இருந்தாலும், வெறும் அறிவிப்பு செல்லாது. முழுமையான செயல்திட்டம் அளித்து, அது சுற்றுச்சூழல் ஆய்வுக்கு உட்பட வேண்டும். 2023இல் நெவாடாவின் ஆஷ் மெடோஸ் வனவிலங்குப் புகலிடத்துக்கு அருகே ஏறத்தாழ 30 துளைகள் இட ஒரு நிறுவனம் அறிவிப்புக் கொடுத்தது. பணியகமும் அதை ஏற்றுக்கொண்டது. வேறெங்கும் காணப்படாத மீன்கள் வாழும் ஊற்றுகள் அங்கே இருப்பதால் ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றனர். சில நாள்களிலேயே பணியகம் தன் ஏற்பைத் திரும்பப் பெற்று, செயல்திட்டத்தைக் கேட்டது. உங்கள் முகவர் காட்டுவதும் அதே வகைக் கடிதந்தான்.

துளையால் என்ன கெடுதல் என்ற கேள்விக்கு வருகிறேன். துளையின் வாய் ஒரு சாண் அகலந்தான். ஆனால் இயந்திரம் போய்ச்சேரப் பாதை வேண்டும், அதை நிறுத்தச் சமன்செய்த தளம் வேண்டும், வெளிவரும் சேற்றைத் தேக்கக் குழி வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, தனித்தனியாக இருக்கும் இரண்டு நீர்த்தாங்கு அடுக்குகளைத் துளை ஊடுருவி இணைத்துவிடக்கூடும் என்பது. வேலை முடிந்ததும் சிமெண்ட் அல்லது பெண்டோனைட் களிமண்ணால் துளையைச் சரியாக அடைக்காவிட்டால், மேலடுக்கின் மாசு கீழே இறங்கும். அழுத்தத்திலுள்ள கீழ்நீர் மேலேறி வீணாகி, தொலைவிலுள்ள ஊற்றின் வரத்தும் குறையலாம்.

துளையிடுவதையே தனியாக மதிப்பிடுவது சிங்கப்பூரில் நமக்குப் புதிதன்று. குறுக்குத் தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தில் மண் ஆய்வு செய்வதற்கென்றே 2016இல் ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட்டது. முதலில் எண்ணியிருந்த 72 துளைகள் 16ஆகக் குறைக்கப்பட்டன. அந்த அறிக்கை மண் ஆய்வை மட்டுமே அளந்தது. சுரங்கப்பாதை கட்டுவதற்கு வேறொரு மதிப்பீடு தேவைப்பட்டது. நெவாடாவிலும் தாது கிடைத்த பிறகுதான் சுரங்கத்துக்கான மதிப்பீடே தொடங்கும்.

இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகக் குழப்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். அரசு முத்திரையைக் காட்டுவார்கள், ஆவண எண்ணைக் காட்ட மாட்டார்கள். இவர்களால் ஏமாந்தவர்களில் படித்தவர்களும் பலர் என்பதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பணியகத்தின் ஈபிளானிங் இணையத்தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடுங்கள். முறையான மதிப்பீடு நடந்திருந்தால் ஆவண எண்ணின் இறுதியில் ‘இஏ’ (EA, சுற்றுச்சூழல் மதிப்பீடு) அல்லது ‘இஐஎஸ்’ (EIS, விரிவான தாக்க அறிக்கை) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த எண்ணை எழுத்து மூலம் தரும்படி முகவரிடம் கேளுங்கள். அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலிலும் பாருங்கள். அந்த ஆணையம் வெளியிடும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது உரிமம் ஆகிவிடாது. எண் கைக்கு வரும்வரை ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.