புது ஆசிரியை, புதுக் குதிரை, பழைய பயம்

கேள்வி: எனக்கு 39 வயது. சென்னையில் இருந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றரை வருடம் குதிரையேற்றம் கற்றேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் ஆசிரியர். வாக் (நடை), ட்ராட் (மெல்லோட்டம்) நன்றாக வரும். கேன்டர், அதாவது அதைவிட வேகமான ஓட்டம், பழக ஆரம்பித்த சமயத்தில் விழுந்து இடது காலர் எலும்பு முறிந்தது. தலையும் தரையில் மோதியது, நல்லவேளை ஹெல்மெட் இருந்தது. அப்புறம் கணவரின் வேலை மாற்றலால் பெங்களூர் வந்துவிட்டோம். ஒரு வருடமாகக் குதிரைப் பக்கமே போகவில்லை. இப்போது ஆசை மறுபடி வந்து, இங்கே ஓர் ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். வரும் ஞாயிறு முதல் வகுப்பு. போனில் "ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன், விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைகளோடு கயிற்றில் கட்டிச் சுற்றவிடுவாரோ என்று கூச்சம். சொல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே கேன்டர் போகச் சொல்வாரோ என்று பயம். பழைய ஹெல்மெட்டும் ட்ராக் பேன்ட்டும் இருக்கின்றன. வேறு என்ன வேண்டும்? எப்படித் தயாராவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூர்

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். விழுந்ததை அதில் எழுதுங்கள். பூட்ஸ், பேன்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்களுக்கு எந்தக் குதிரை என்பது பெரும்பாலும் நீங்கள் லாயத்துக்குப் போய்ச் சேரும் முன்பே முடிவாகிவிடும். யாருக்கு எது என்று பிரித்து, குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் சொல்லி, சேணம் கட்டி வைத்திருப்பார்கள். உங்களைப் பற்றி ஆசிரியையிடம் இப்போது இருக்கும் ஒரே தகவல் "ஒன்றரை வருடம்". வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் போனவருக்கும் அது ஒன்றரை வருடம்தான், தினமும் விடிகாலையில் ஏறியவருக்கும் ஒன்றரை வருடம்தான். அதை மட்டும் நம்பி அவர் கொஞ்சம் துடிப்பான குதிரையை ஒதுக்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் பல குதிரைகள் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவை, தரோபிரெட் இனம். பொறுமையாக மறுபயிற்சி கொடுத்தால் அருமையான குதிரைகள். ஆனால் பந்தயத்துக்குப் பழக்கும்போது அவை கடிவாளத்தின் மேல் சாய்ந்து ஓடக் கற்றுக்கொள்கின்றன. ஜாக்கி இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, வாயில் இருக்கும் கம்பியின் மேல் பாரத்தைப் போட்டு வேகமெடுக்கும். அந்தப் பழக்கம் முழுசாகப் போகாத ஒரு குதிரையின் மேல் பயந்த ஒருவரை ஏற்றினால் என்ன ஆகும்? அவர் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார், முட்டியால் சேணத்தைக் கவ்வுவார், உடம்பைச் சுருட்டி முன்னால் குனிவார். "நின்றுவிடு" என்று அவர் கெஞ்சுவது குதிரைக்கு "ஓடு" என்றுதான் கேட்கும். விழுந்து எழுந்தவர்கள் கேன்டரில் மறுபடி விழுவது இப்படியும் நடக்கும். உங்கள் ஆசிரியைக்கு விஷயம் தெரிந்திருந்தால் இந்தச் சூழ்நிலையே வராமல் பார்த்துக்கொள்வார்.

செய்தியை இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். ஞாயிறு வகுப்புக்கு முன்னால் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். நான் பழகியது ஒன்றரை வருடம், வாரம் ஒரு வகுப்பு. வாக், ட்ராட் தனியாக வரும். ரைசிங் ட்ராட்டில் (குதிரையின் அடிக்கு ஏற்ப எழுந்து உட்காருவதில்) டயகனல் (எந்த அடிக்கு எழுவது என்பது) சில நேரம் தப்பும். கேன்டர் ஆரம்பத்தில்தான் இருந்தேன், அதில் விழுந்து இடது காலர் எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் ஏறவில்லை. கேன்டரை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. என் உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு. முதல் நாள் நிதானமான குதிரை கொடுத்தால் நன்றாக இருக்கும்."

உங்கள் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் வைத்துக்கொள்ளும் வரம்பு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. குதிரைக்கு வயதாகியிருந்தாலோ முதுகில் பிரச்சினை இருந்தாலோ அதற்கும் குறைவாகத்தான் வைப்பார்கள். எந்தப் பக்கத்து எலும்பு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முறிந்து சேர்ந்த பக்கத்துத் தோள் நமக்கே தெரியாமல் முன்னால் வந்துவிடலாம், அந்தக் கையில் கடிவாளம் நீளமாகிவிடலாம். காரணம் தெரிந்தால் அவர் அதைத் திருத்தும் விதமே வேறாக இருக்கும். எலும்பு மருத்துவரிடம் "இனி ஏறலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, கயிற்றுக்கு வருவோம். இந்தக் கூச்சத்தை நீங்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும். நீளமான லஞ்ச் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாகப் போகும். வேகம், திசை இரண்டும் அவர் பொறுப்பு. அதனால் நீங்கள் கடிவாளத்தை மறந்து உங்கள் உட்காரும் விதத்தை மட்டும் கவனிக்கலாம். வியன்னாவில் நூற்றாண்டுகளாக இயங்கும் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேரும் இளைஞர்கள், கடிவாளமும், கால் வைக்கும் வளையமான ஸ்டிரப்பும் இல்லாமல் கயிற்றிலேயே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். உலகத்திலேயே பேர்பெற்ற ஓர் இடத்தில் அதுதான் அஸ்திவாரம். கேன்டரில் விழுந்தவருக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது. சேணத்தின் முன்னால் இருக்கும் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிறுத்தும் பொறுப்பு நம்முடையது இல்லை என்ற தெம்போடு நாலு சுற்று போனால் இடுப்பு தானாக இளகும். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை கயிற்றை எடுத்தால் சந்தோஷப்படுங்கள். எடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

உங்கள் பழைய ஆசிரியர் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வாக் மார்ச்", "ட்ராட் மார்ச்" என்று கட்டளை வாங்கி, வகுப்பு முடிவில் "மேக் மச் ஆஃப் யுவர் ஹார்சஸ்" என்றதும் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பள்ளியில் முதுகு நிமிரும், குதிகால் இறங்கும், சொன்னதும் செய்யும் பழக்கம் வரும். அவை எல்லாம் உங்கள் சொத்து. புது ஆசிரியை ஒருவேளை கட்டளையே போடாமல், "இப்போது உங்கள் இடது இடுப்பு எங்கே இருக்கிறது" என்று கேட்கலாம். கடிவாளத்தை இன்னும் நீளமாகவோ இன்னும் குட்டையாகவோ பிடிக்கச் சொல்லலாம். அந்த இடத்தில் "எங்கள் சார் இப்படித்தான் சொன்னார்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். புரியவில்லை என்றால் "எதற்காக இப்படி?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஒரு மாதம் அவர் சொல்கிறபடியே செய்துவிட்டு, அப்புறம் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

இப்போது அந்த ஹெல்மெட். தலை தரையில் மோதியது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹெல்மெட்டைத் தயவுசெய்து மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவை அடிபட்டால் நசுங்கிவிடும், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். அடுத்த அடியை அது தாங்காது. விழாமலேயே வைத்திருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். புதிதாக வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் இ.என் 1384 அல்லது ஏ.எஸ்.டி.எம் எஃப் 1163 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் எதுவும் இதற்கு ஆகாது. பட்டையைப் போடாமல் தலையைக் குனிந்து ஆட்டினால் கழன்று விழக் கூடாது, அதுதான் சரியான அளவு. ஞாயிறுக்குள் வாங்க முடியாவிட்டால் பள்ளியில் இருப்பதைக் கேளுங்கள்.

காலுக்கு, கணுக்காலை மூடுகிற, சிறிய குதிகால் உள்ள, அடிப்பக்கம் வழவழப்பான பூட்ஸ். ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டவே வேண்டாம். அதற்குக் குதிகால் இல்லாததால் கால் ஸ்டிரப்புக்குள் முழுசாக நுழைந்துவிடும், விழுந்தால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டே போகும். ட்ராக் பேன்ட் உள்பக்கத் தையல் தொடையை உரிக்காத மாதிரி இருந்தால் முதல் நாளுக்குப் போதும், தொளதொள என்று மட்டும் இருக்கக் கூடாது. துப்பட்டா, வளையல், தொங்கட்டான், மோதிரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு மேலே இறுக்கமான டீ-ஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள். மெட்டி பூட்ஸுக்குள் அழுத்துமானால் அந்த ஒரு மணி நேரம் கழற்றி வையுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, கழுத்தோடு தாழ்வாக ஒரு பின்னல் போதும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கும்.

உடற்பயிற்சி என்று இந்த ஒரு வாரத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். கணுக்காலுக்குப் பழைய பழக்கம் ஞாபகம் வரும். சனிக்கிழமை ஜிம்முக்குப் போய்க் காலை நோகவைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு காலை இரண்டு இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர். வெறும் வயிற்றோடு போனால் பதற்றம் இன்னும் கூடும்.

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வகுப்பு ஏறுவதற்கு முன்பே நடக்கிறது. குதிரையின் பெயரைக் கேளுங்கள். எதற்கு மிரளும், எங்கே தொட்டால் பிடிக்காது என்று சைஸிடம் கேளுங்கள், ஆசிரியைக்குத் தெரியாததுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போய் நில்லுங்கள். புறங்கையைக் கொடுங்கள், முகர்ந்து பார்க்கட்டும். கழுத்தை நீளமாகத் தடவிவிட்டு, அது தலையைத் தாழ்த்துகிறதா, காது உங்கள் பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். காது பிடரியோடு ஒட்டிப் பின்னால் படிந்தால் ஓர் அடி விலகி நில்லுங்கள். ஏறுவதற்கு முன் வயிற்றுப்பட்டையை நீங்களே தொட்டுப் பாருங்கள். சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. பத்து நிமிடம் நடந்த பிறகு பட்டை தொளதொளத்துப் போயிருக்கும், அப்போது இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். ஸ்டிரப் நீளத்துக்கு, மேலே வார் மாட்டியிருக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து, ஸ்டிரப்பை அக்குள் வரை நீட்டிப் பாருங்கள். எட்டினால் ஆரம்பிக்கப் போதுமான அளவு. ஏறுவதற்கென்று வைத்திருக்கும் மேடையில் இருந்தே ஏறுங்கள், குதிரையின் முதுகுக்கு அதுதான் நல்லது.

மேலே ஏறியபின் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பயம் முதலில் தெரிவது அங்கேதான், குதிரைக்கும் அது உடனே தெரிந்துவிடும். ட்ராட்டில் "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணும்போது மூச்சு தானாக வெளியே வரும். ஆசிரியை கேன்டர் என்று சொல்லி, உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், "இன்றைக்கு வேண்டாம் மேடம்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில் அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பாதி இருக்கிறது. "சரி, ட்ராட்டிலேயே இன்னும் கொஞ்சம் பழகலாம்" என்றால் அவரிடம் தாராளமாகத் தொடருங்கள். மற்றவர்கள் முன்னால் கேலி செய்தாலோ, நீங்கள் ஓட்டுவதைப் பார்க்காமலேயே முதல் நாளே வெளியே சாலைக்கு அனுப்பினாலோ, கட்டிய பணம் போனால் போகட்டும், இரண்டாவது வகுப்புக்குப் போகாதீர்கள். சேணத்தை இறக்கும்போது குதிரையின் முதுகையும் வயிற்றுப்பட்டை பட்ட இடத்தையும் பாருங்கள். புண் இருந்து அதன் மேலேயே சேணம் கட்டியிருந்தார்கள் என்றால் அந்த இடமே வேண்டாம்.

குதிரைக்கு ஏதாவது கொண்டுபோகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆசை இருக்கும். முதலில் ஆசிரியையிடம் கேளுங்கள். கையால் கொடுத்துப் பழக்கினால் கடிக்க ஆரம்பிக்கும் என்று பல இடங்களில் விடமாட்டார்கள், வாளியில் போடச் சொல்வார்கள். சரி என்றால் கேரட்டை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு போங்கள். வில்லை வில்லையாக வெட்டினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வகுப்பு முடிந்து, சேணம் இறக்கி, கடிவாளம் கழற்றிய பிறகு கொடுங்கள்.