மூலை ஏன் வாய் பிளக்கிறது?

தச்சுப்பட்டறை: வாசகர் கேள்வி பதில்

சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் அலங்காரப் பட்டையைத்தான் கிரவுன் மோல்டிங் என்கிறோம். அதன் மூலை வெட்டைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: படச்சட்டத்துக்கு மைட்டர் ரம்பத்தில் 45 டிகிரி வைத்து வெட்டினால் மூலை கச்சிதமாகச் சேர்கிறது. மோல்டிங்கை மேசையில் படுக்கப் போட்டு அதே 45-இல் வெட்டினால் சேரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

படச்சட்டம் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். கிரவுன் மோல்டிங் அப்படி இல்லை. அதன் ஒரு விளிம்பு சுவரைத் தொடுகிறது, இன்னொரு விளிம்பு சீலிங்கைத் தொடுகிறது, நடுவில் முதுகு எதன் மீதும் படாமல் நிற்கிறது. 45 என்பது அது மாட்டப்பட்டிருக்கும் நிலையில் மேலிருந்து பார்த்தால் தெரியும் கோணம். அந்தப் பட்டையைக் கழற்றி மேசையில் படுக்கப் போட்டதும் அதே வெட்டு இரண்டு கோணங்களாகப் பிரிந்துவிடும். ஒன்று மேசையைத் திருப்பும் மைட்டர் கோணம். இன்னொன்று பிளேடைச் சாய்க்கும் பெவல் கோணம். படுக்கப் போட்டு வெட்ட இரண்டுமே வேண்டும்.

எவ்வளவு என்பது பட்டையின் சாய்வுக் கோணத்தைப் பொறுத்தது. பட்டையின் முதுகு சுவரோடு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதே சாய்வுக் கோணம். பரவலாகக் கிடைப்பவை 38 டிகிரியும் 45 டிகிரியும். சரியாக 90 டிகிரி உள்ள மூலைக்கு, 38 டிகிரிப் பட்டை என்றால் மைட்டர் 31.6, பெவல் 33.9. 45 டிகிரிப் பட்டை என்றால் மைட்டர் 35.3, பெவல் 30. பல ரம்பங்களின் மேசை அளவுகோலில் 31.6-க்குத் தனி அடையாளம் இருப்பதன் காரணம் இதுதான்.

மூலை 90 இல்லை என்றால் கால்குலேட்டரை எடுங்கள். சாய்வுக் கோணத்தின் சைனை, மூலைக் கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் மைட்டர் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். சாய்வுக் கோணத்தின் கொசைனை, மூலையில் பாதியின் கொசைனால் பெருக்கினால் பெவல் கோணத்தின் சைன் கிடைக்கும். உதாரணமாக, 135 டிகிரி மூலையில் 38 டிகிரிப் பட்டை என்றால் மைட்டர் 14.3, பெவல் 17.6.

கேள்வி: கையில் இருக்கும் பட்டை 38-ஆ 45-ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மூலைமட்டம் ஒன்று போதும். பட்டையில் ஒரு சாண் நீளத் துண்டை மூலைமட்டத்தின் உள்மூலையில், சுவரிலும் சீலிங்கிலும் உட்காருவது போலவே உட்கார வையுங்கள். விளிம்புகளில் இருக்கும் இரண்டு குறுகிய தட்டைப் பரப்புகளும் மட்டத்தின் இரு கைகளிலும் ஒளி தெரியாமல் ஒட்ட வேண்டும். இப்போது உள்மூலையிலிருந்து இரண்டு கைகளிலும் பட்டை எங்கே முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

70 மி.மீ., 55 மி.மீ. என்று வந்தால் 55-ஐ 70-ஆல் வகுங்கள், 0.786 வரும். எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.786 என்று பார்த்தால் 38 டிகிரி. இரண்டும் ஒரே அளவு என்றால் 45. பெரும்பாலான 38 டிகிரிப் பட்டைகளில் நீளமான அளவுதான் சுவர்ப் பக்கம் இறங்கும். தலைகீழாக மாட்டினாலும் தட்டைப் பரப்புகள் ஒட்டத்தான் செய்யும். அதனால் பிசகு வெட்டும்வரை தெரியாது. பட்டை வாங்கியதும் ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ‘சுவர்’, ‘சீலிங்’ என்று எழுதிவிடுவது நல்லது. இந்த 70, 55 இரண்டையும் குறித்து வையுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

கேள்வி: டிஜிட்டல் கோணமானி 92 டிகிரி காட்டியது. பாதியாக்கி 46 வைத்து, பட்டையை ஃபென்ஸில் (ரம்ப மேசையின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தடுப்பில்) சாய்த்து நிறுத்தி வெட்டினேன். உள்மூலையில் கீழ் விளிம்பு முட்டுகிறது, மேலே 5 மி.மீ. திறந்து நிற்கிறது. கோணமானி பழுதா?

கோணமானி சரிதான். ரம்பத்தின் அளவுகோல் எங்கிருந்து எண்ணுகிறது என்பதில்தான் பிசகு. ரம்பத்தில் 0 என்பது நேர்வெட்டு, அதாவது கோணமானியின் 90. ஆகவே பாதியாக்கியதும் அதை 90-இலிருந்து கழிக்க வேண்டும். 92-இல் பாதி 46, 90-இல் 46 போனால் 44. ரம்பத்தில் வைக்க வேண்டியது 44. மூலை 88 என்றால் 46.

நீங்கள் 46 வைத்ததால் ஒவ்வொரு துண்டிலும் 2 டிகிரி, இரண்டும் சேர்ந்து 4 டிகிரி தவறிவிட்டது. சீலிங்கில் 55 மி.மீ. நீளும் பட்டையில், மேலிருந்து பார்க்கும்போது மூலைவிட்ட வெட்டு ஏறத்தாழ 78 மி.மீ. இருக்கும். அந்த நீளத்தில் 4 டிகிரி விலகினால் வாய் 5.4 மி.மீ. திறக்கும். எதையும் அளக்காமல் 45-இலேயே வெட்டியிருந்தால்கூட இதில் பாதிதான் திறந்திருக்கும்.

இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே தவற்றைப் படிக்கலாம். உள்மூலையில் சுவர்ப்பக்க விளிம்பு முட்டிக்கொண்டு சீலிங்பக்க விளிம்பு திறந்தால் மைட்டர் அதிகம். சீலிங் பக்கம் முட்டிச் சுவர் பக்கம் திறந்தால் மைட்டர் குறைவு. வெளிமூலையில் இதற்கு நேர் எதிர்.

கோணமானியை வைக்கும் இடமும் முக்கியம். மூலையின் அடியில் பட்டியும் பூச்சும் திரண்டு வளைந்திருக்கும். அங்கே அழுத்தி அளந்தால் சுவரை விட்டுப் பட்டியைத்தான் அளப்பீர்கள். கருவியின் கைகள் நீளமாக இருக்கட்டும், பட்டை உட்காரப்போகும் உயரத்திலேயே அளவெடுங்கள். கோணமானி இல்லாதவர்கள் மூலையிலிருந்து ஒரு சுவரில் 600 மி.மீ., மற்றதில் 800 மி.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கும் குறுக்கே அளக்கலாம். 1000 வந்தால் மூலை 90. உள்மூலையில் 8 மி.மீ. கூடினால் ஏறத்தாழ 1 டிகிரி விரிந்த மூலை, 8 குறைந்தால் 1 டிகிரி ஒடுங்கிய மூலை.

கேள்வி: படுக்கப் போட்டு வெட்டுவது நல்லதா, ஃபென்ஸில் சாய்த்து வெட்டுவது நல்லதா? எந்தத் துண்டுக்கு ரம்பத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம்.

ரம்பத்தின் ஃபென்ஸ் உயரம் பட்டைக்குப் போதுமானதாக இருந்தால் சாய்த்து வெட்டுவதையே நாங்கள் சொல்வோம். பெவல் 0-இலேயே இருக்கும், மைட்டர் ஒன்றை மட்டும் வைத்தால் போதும், மூலை 1 டிகிரி தவறினாலும் அந்த ஒரு அளவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். மிக அகலமான பட்டைக்குத்தான் படுக்கைவெட்டு.

சாய்த்து வெட்டும்போது ஃபென்ஸைச் சுவராகவும் மேசையைச் சீலிங்காகவும் நினைத்துக்கொள்ளுங்கள். சீலிங் கீழே வந்துவிட்டதால் பட்டை தலைகீழாக நிற்கும். ‘சுவர்’ என்று எழுதிய விளிம்பு மேலே ஃபென்ஸில், ‘சீலிங்’ என்று எழுதியது கீழே மேசையில். தலைகீழானதால் இடமும் வலமும் மாறிவிடும். குழப்பம் முழுவதும் இங்கேதான்.

உள்மூலையில் இடப்பக்கச் சுவருக்கான துண்டு: கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி வெட்டி, பிளேடுக்கு வலப்பக்கம் இருப்பதை வைத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கச் சுவருக்கான துண்டு: கைப்பிடி இடப்பக்கம், வைத்துக்கொள்வதும் இடப்பக்கத் துண்டு. வெளிமூலையில் திருப்பும் பக்கம் மட்டும் மாறும். இடத் துண்டுக்குக் கைப்பிடி இடப்பக்கம், வைத்துக்கொள்வது வலது. வலத் துண்டுக்குக் கைப்பிடி வலப்பக்கம், வைத்துக்கொள்வது இடது.

இதை மனப்பாடம் செய்வதைவிட, இந்த நான்கையும் ஒரு முறை 30 செ.மீ. துண்டுகளில் வெட்டி, ‘உள் இடது’, ‘உள் வலது’, ‘வெளி இடது’, ‘வெளி வலது’ என்று முதுகில் எழுதி ரம்பத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீளப் பட்டையை வெட்டும் முன் மாதிரித் துண்டை அதே நிலையில் பிளேடின் அருகே வைத்துப் பார்த்தால் தவறு நேராது. அந்தத் துண்டுகளையே மூலையில் பிடித்துப் பார்த்து 44-ஆ 45-ஆ என்றும் முடிவு செய்யலாம்.

அடுத்தது வழுக்கல். வெட்டும்போது பட்டையின் கீழ் விளிம்பு மேசையில் முன்னால் நழுவும். 55 மி.மீ.யில் நிற்க வேண்டியது 58-க்கு வந்தாலே சாய்வு 2.5 டிகிரி மாறிவிடும், பிறகு மைட்டரை எவ்வளவு துல்லியமாக வைத்தும் பயனில்லை. ஃபென்ஸிலிருந்து சரியாக 55 மி.மீ. தள்ளி, பிளேடின் இருபுறமும் மேசையில் ஒரு நேரான மரச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பட்டை அதற்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் அசையாமல் உட்கார்ந்துவிடும். ரம்பத்தோடு கிடைக்கும் கிரவுன் ஸ்டாப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

நீளத்தை எந்த விளிம்பில் குறிப்பது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சுவரில் எடுத்த அளவு எப்போதும் ‘சுவர்’ விளிம்புக்குத்தான், உள்மூலை ஆனாலும் வெளிமூலை ஆனாலும். உள்மூலையில் அந்த விளிம்பு நீண்ட முனையாக முடியும், வெளிமூலையில் குறுகிய முனையாக முடியும். தலைகீழாக வைத்தால் அந்த விளிம்பு மேலே கண்ணுக்கு நேராக இருப்பதால் குறியில் பிளேடை இறக்குவது சுலபம்.

கேள்வி: உள்மூலையை மைட்டர் போட்டுக் கச்சிதமாகச் சேர்த்தேன். சில மாதங்களில் கோடு விழுந்துவிட்டது. வெட்டில் தவறா?

வெட்டில் தவறு இருக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரம் குறையும்போது மரம் அகலவாக்கில் சுருங்கும், மைட்டர் மூட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய ஆணி அடிக்கும்போதே பட்டை சுவர் மூலைக்குள் இழுபட்டு மூட்டு விலகுவதும் உண்டு. உள்மூலைக்குக் கோப்பிங் செய்யுங்கள்.

முதல் துண்டை ரம்பத்தில் 0 வைத்து நேராக வெட்டி மூலைவரை முட்டவிட்டு அடித்துவிடுங்கள். இரண்டாவது துண்டை உள்மூலை மைட்டராகவே 45-இல் வெட்டுங்கள். வெட்டு முகமும் வேலைப்பாடுள்ள முகமும் சேரும் இடத்தில் வளைவும் நெளிவுமாக ஒரு விளிம்புக்கோடு தெரியும். பென்சிலின் பக்கவாட்டை அதன் மீது தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்குலத்துக்கு 15 முதல் 20 பற்கள் உள்ள பிளேடு மாட்டிய கோப்பிங் ரம்பத்தால் அந்தக் கோட்டை ஒட்டி, கோட்டின் வெளிப்பக்கம் அறுத்துப் பின்னால் இருக்கும் மரத்தை எடுக்க வேண்டும். முதல் துண்டின் நெளிவு மீது இரண்டாவது துண்டு அப்படியே கவிழ்ந்து உட்காரும்.

பலர் தவறுவது ரம்பத்தின் சாய்வில். பட்டையை மேசையில் படுக்க வைத்து ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து அறுத்தால் முகம் சேரும் முன்பே முதுகு முட்டும். பட்டை சுவரில் சாய்ந்து நிற்பது என்பதை மறக்கக் கூடாது. அதனால் முதுகுப் பக்கம் தாராளமாகச் சாய்த்து அறுத்து, முன்விளிம்பை மட்டும் கத்தி முனை போல மெலிதாக விடுங்கள். கூர்மையான திருப்பங்களில் ஒரே வீச்சில் திரும்ப முயன்றால் விளிம்பு பிய்ந்துவிடும். இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்தியுங்கள். பிறகு அரை உருண்டை அரத்தாலும், குச்சியில் சுற்றிய உப்புத்தாளாலும் சரிசெய்து, ஒரு கழிவுத் துண்டின் மீது வைத்துப் பாருங்கள். ஒளி தெரியும் இடத்தில் பிரச்சினை பெரும்பாலும் முன்விளிம்பில் இருக்காது, பக்கத்தில் எங்கோ முதுகு முட்டிக்கொண்டிருக்கும்.

மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் இந்த மூட்டு பொறுத்துப்போகும். நீண்ட சுவர்களில் துண்டை 1.5 மி.மீ. கூடுதலாக வெட்டி, நடுவில் லேசாக வளைத்து உள்ளே தள்ளினால் மூட்டு தானே இறுகும். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பட்டையில் மெல்லிய முனைகள் உதிரும், மெதுவாக அரம் போடுங்கள். பாலியூரித்தேன் நுரைப் பட்டைக்குக் கோப்பிங் வேண்டாம், மைட்டரும் பசையும் போதும்.

கேள்வி: சுவரின் நடுவில் பட்டை முடிகிறது. வெட்டுமுகம் அசிங்கமாகத் தெரிகிறதே?

அங்கே பட்டையைச் சுவருக்குள் திருப்பி முடிக்க வேண்டும். முனையை வெளிமூலை போல 45-இல் வெட்டுங்கள். அதற்கு ஜோடியான வெளிமூலை வெட்டை இன்னொரு நீளத் துண்டில் போட்டு, சாய்வு முடியும் இடத்தில் 0-இல் நேராக வெட்டினால் சின்ன ஆப்பு போன்ற துண்டு விழும். அது பறந்து தொலைவது சகஜம். வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு முழுவதும் நின்ற பிறகே ரம்பத்தின் தலையைத் தூக்குங்கள். கையைப் பிளேடுக்கு 15 செ.மீ.க்குள் கொண்டுபோகாதீர்கள். ஆணி அடித்தால் பிளந்துவிடும், மரப்பசை தடவி மாஸ்கிங் டேப்பால் இறுக்கிக் காயவிட்டால் போதும்.

கேள்வி: வெளிமூலையில் அரை மி.மீ. அளவுக்குக் கோடு தெரிகிறது. கழற்ற வேண்டுமா?

வேண்டாம். மூட்டில் பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரின் உருண்டைத் தண்டை மூட்டின் முனை மீது வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி அழுத்தித் தேயுங்கள். மர இழைகள் மடிந்து கோட்டை மூடிவிடும். காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளை ஒரு முறை ஓட்டுங்கள். மெருகு மட்டும் போடப்போகும் மரத்துக்கும் இது ஒத்துவரும், பட்டி வைத்தால் அங்கே திட்டுத் தெரியும்.