பழைய செயின் சோவில் பார் ஒயில் ஒழுகுகிறது, பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: பத்து வருடத்துக்கு மேல் பழைய செயின் சோ, வேலை முடித்து வைத்தால் விடியும்போது கீழே பார் ஒயில், அதாவது செயினுக்கும் அது சுற்றி ஓடுகிற நீட்டுத் தகடான பாருக்கும் போகிற ஒயில், தேங்கி நிற்கிறது, திருத்துகிற இடத்தில் அந்த ஒயிலைத் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா? இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஒயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கும்வரை ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம். பம்ப் பழுதாகி ஒழுகுகிற மெஷின்களும் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன்.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், வளவு முழுக்கத் தென்னை, வயல் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். மாரி தொடங்கினால் விழுந்த மரத்தை அரிந்து வழி எடுப்பது, பட்ட தென்னையைத் துண்டு போடுவது, விறகு என்று மெஷினுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். 2012இல் பாவித்த மெஷின் ஒன்றை வாங்கினேன், மூன்றாம் வருடம் ஒழுகத் தொடங்கியது. உங்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னார்கள். புதுப் பம்ப் போட்டார்கள், ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் அதே ஒயில். பிறகு நானே கழற்றிப் பார்த்தால், டாங்கியிலிருந்து பம்ப்புக்கு ஒயில் கொண்டுபோகிற றப்பர் குழாயில், அது டாங்கிச் சுவரைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில், தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு. காசு போனதைவிட எனக்குக் கவலையாக இருந்தது வேறு. மெஷின் நிற்கும்போது அந்த வெடிப்பால் ஒயில் வெளியே வந்தது, ஓடும்போது அதே வெடிப்பால் காற்று உள்ளே போனது, பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை இழுத்தது, பார் காய்ந்து விளிம்பெல்லாம் நீலம் பாரித்து நல்ல பார் ஒன்று வீணாகிப் போனது. ஆகவே இவ்வளவு ஒழுகுகிறதே, பாருக்கும் தாராளமாகத்தான் போகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

முதலில் அது உண்மையிலேயே ஒழுக்கா என்று பாருங்கள். எந்த மெஷினும் நிறுத்தி வைத்த பிறகு கொஞ்சம் ஒயில் விடும், பார் பள்ளத்திலும் செயினிலும் தங்கியிருந்தது மெல்ல இறங்கி வரும். ஒரு மேசைக்கரண்டி அளவு என்றால் அதை விட்டுவிடலாம். தென்னை அரிகிறவர்களுக்கு இன்னொரு விஷயம், தென்னந்தூள் ஈரமாக, நாராக இருக்கும், செயினை இழுத்துச் சுற்றுகிற பற்சக்கரத்தின் (ஸ்ப்ரொக்கெட்) மூடிக்குள் போய் அடைந்து பஞ்சு மாதிரி ஒயிலை உறிஞ்சி வைத்திருந்து இரவெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றித் தூளைச் சுரண்டி எடுத்தாலே பாதிப் பேருடைய "ஒழுக்கு" நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அப்புறம் வெயில். நிறைய மெஷின்களில் ஒயில் டாங்கிக்குக் காற்று விடுகிற சின்ன வால்வு ஒருவழிப் பாதை, காற்று உள்ளே போகும், திரும்பி வராது. மெஷினை லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெஷின்) பெட்டியில் வெயிலில் போட்டு வைத்தால் டாங்கி சூடாகி உள்ளே அமுக்கம் ஏறி, அந்த அமுக்கம் ஒயிலைப் பம்ப் வழியாகவே பாருக்குத் தள்ளிவிடும். ஒயில் மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தால் நடந்தது இதுதான், அதில் பழுது எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் ஒயில் மூடியை ஒருமுறை தளர்த்தி, காற்றை விட்டு, திரும்ப இறுக்கி நிழலில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒழுகுகிறதா? சரி, அப்போது தேட வேண்டியதுதான்.

ஸ்பார்க் பிளக்கின் வயர் மூடியைக் கழற்றிவிட்டு பார், செயின், ஸ்ப்ரொக்கெட் மூடி மூன்றையும் எடுங்கள். மண்ணெண்ணெயில் பிறஷ் நனைத்து முழுவதையும் கழுவி, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வெயிலில் அல்ல, நிழலில் நன்றாகக் காய விடுங்கள். பெற்றோலால் கழுவுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தீ ஆபத்து ஒருபக்கம், பழைய றப்பர் குழாய்க்கும் அது நல்லதல்ல. காய்ந்ததும் டாங்கியை நிறைத்து, ஒயில் மூடியைச் சுற்றித் துடைத்து, சந்தேகப்படுகிற இடங்களிலெல்லாம் பேபி பவுடரை மெல்லியதாகத் தூவி, வெள்ளைத்தாள் அல்லது பழைய பேப்பர் விரித்து அதன்மேல் வையுங்கள். ஒயில் வருகிற இடத்தில் பவுடர் முதலில் நனைந்து கறுக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், இரவு முழுவதும் விட்டுவிட்டால் எல்லா இடமும் நனைந்து எது முதல் என்று தெரியாமல் போய்விடும். முதல் நாள் நேராக வையுங்கள், அடுத்த நாள் பார் பக்கம் கீழே இருக்கச் சரித்து வையுங்கள், பிறகு ஒயில் மூடிப் பக்கம் கீழே.

இதில் இன்னொரு துப்பும் கிடைக்கும். ஒயில் எந்த மட்டத்தில் வந்து ஒழுகாமல் நிற்கிறது என்று பாருங்கள். பாதி டாங்கியோடு நின்றுவிட்டால் துவாரம் பாதியிலோ அதற்கு மேலேயோதான் இருக்கிறது, குழாய் சுவரைத் தாண்டுகிற இடமோ மூடியோ வால்வோ. கடைசிச் சொட்டு வரை போய்விட்டால் அடியில் தேடுங்கள், டாங்கி அடிப்பக்க வெடிப்பு, அல்லது பம்ப்போடு குழாய் பொருந்துகிற இடம்.

ஒயில் மூடி என்றால் வேலை சுலபம். மூடியில் இருக்கிற ஓ றிங்கை (வட்ட றப்பர் வளையம்) எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், கல்லாக இருந்தால் அல்லது தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். ஒயிலுக்குத் தாங்குகிற றப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற றிங் ஒயிலில் ஊதிப் பெருத்துவிடும்.

காற்று வால்வு பெரும்பாலும் பார் பக்கத்தில், பார் போல்ட்டுகளுக்குக் கிட்ட ஒரு சின்னத் துவாரமாக இருக்கும். சரித்து வைத்தபோது மட்டும் அதனால் ஒயில் கசிந்தால் உள்ளே இருக்கிற றப்பர் இறுகித் திறந்தபடியே நிற்கிறது, மாற்ற வேண்டும். அடைத்திருந்தால் நடப்பது நேர் எதிர். ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு பாருக்கு ஒயில் வராது, ஒயில் மூடியைத் தளர்த்தினால் திரும்ப வரும். அடைத்ததைக் குத்தி எடுக்கக் கம்பி பாவிக்காதீர்கள், றப்பர் கிழிந்துவிடும். தென்னை ஈர்க்கு போதும், பிறகு கொஞ்சம் காற்று அடியுங்கள். பாரில் இருக்கிற ஒயில் துவாரத்துக்கும் அதே ஈர்க்குதான். அந்தத் துவாரம் தூளால் அடைபட்டால் பம்ப் தள்ளுகிற ஒயில் பாருக்குள் போக வழியில்லாமல் பாரின் பின்பக்கமாக இறங்கி மெஷினுக்குக் கீழே வழியும். பார்க்கிறவர்களுக்கு அது ஒழுக்கு மாதிரியேதான் தெரியும். வேறு மெஷினின் பாரைப் போட்டிருந்தாலும், துவாரம் ஒன்றோடொன்று நேராக நிற்காவிட்டால் இதே கதைதான்.

குழாய்தான் நான் முதலில் சந்தேகிக்கிறது. பத்து வருடச் சூட்டில் றப்பர் இறுகிச் சுருங்கிவிடும், அது சுவரை நெருக்கிப் பிடிக்கிற இடம் தளர்ந்துவிடும். வெளியே எடுத்து வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும், மெஷினில் இருக்கும்போது தெரியாது. அச்சில் வார்த்த குழாய் என்றால் அதே மெஷினுக்கு உரியதைத்தான் தேட வேண்டும். நேர்க் குழாய் என்றால் மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயில் அளவு பொருந்துகிறது கிடைக்கலாம், ஆனால் உள் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், சுவர்த் துவாரத்தை அடைப்பது வெளி விட்டம்தான், அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் கசியும். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கொஞ்ச நாளில் இறுகிவிடும். நுனியைச் சாய்வாக வெட்டி, சோப்புத் தடவி, மெல்லிய கம்பியில் கோர்த்து இழுத்தால் துவாரத்துக்குள் வந்துவிடும். முன்பு சொன்ன என்னுடைய மெஷின் இந்த ஒரு குழாயோடு திருந்தியது, இன்றைக்கும் அதே பழைய பம்ப்பைத் திரும்பப் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பம்ப்பைப் பார்க்கக் கிளச்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் அது இடக்கைப் புரி, மணிக்கூடு சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழரும், தெரியாமல் மற்றப் பக்கம் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். கிளச்சோடு சேர்ந்து என்ஜின் சுற்றாமல் பிஸ்டனை நிறுத்துவதற்கு இரும்புத் துண்டு எதையும் பிளக் துவாரத்தில் விடாதீர்கள். பிஸ்டன் மேலே ஏறிப் புகை வாசலை (புகை வெளியே போகிற துவாரம்) மூடிய பிறகு ஸ்டாட்டர் கயிற்றுத் துண்டை உள்ளே நுழைத்தால் போதும், நுனியை வெளியே விட்டு வையுங்கள். பம்ப் உடலில் இருந்தே, குழாய் பொருந்துகிற இடத்தில் இருந்து அல்ல, ஒயில் பிறந்தால் மட்டும் பம்ப் வாங்குங்கள். சில மெஷின்களில் பம்ப் என்ஜின் தண்டோடு நேரே சுற்றும், ஆகவே என்ஜின் மெதுவாக ஓடிச் செயின் ஓடாமல் நிற்கும்போதும் ஒயில் வரும், அதையும் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக டாங்கி வெடிப்பு. பிளாஸ்டிக் டாங்கி விழுந்து வெடித்திருந்தால் ஒட்டுகிற பசை கொஞ்ச நாள் தாங்கும், அதற்கு மேல் நம்ப மாட்டேன். பெரிய மெஷின்களில் டாங்கி என்ஜின் உடலோடு சேர்த்து வார்த்திருக்கும், இரண்டு பாதி சேருகிற இடத்தில் கேஸ்கட் இருக்கும். அந்தக் கோட்டில் பவுடர் நனைந்தால் போல்ட்டுகளை ஒன்றுக்கெதிர் ஒன்றாக மெல்ல இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் அதை வீட்டில் செய்யாதீர்கள், மெஷினை ஓட்டுவதையும் நிறுத்துங்கள். அந்தக் கேஸ்கட் விட்டால் என்ஜினுக்குள்ளும் காற்று போகலாம், காற்று கூடிப் பெற்றோலோடு கலந்து வருகிற ஒயில் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும். ஒழுக்கோடு சேர்த்து மெஷின் தானாக வேகம் ஏறுகிறது என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும்.

என்ன ஒயில் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் சைக்கிளில் இறக்கிய பழைய ஒயிலாக இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். அது நீர்த்துப்போனது, நம் வெயிலில் இன்னும் நீர்த்து எந்தச் சின்ன இடைவெளியாலும் வரும், அதில் இருக்கிற இரும்புத் தூள் பம்ப்பைத் தின்னும். செயின் சுற்றும்போது அந்த ஒயில்தான் பொடியாகச் சிதறி உங்கள் கையிலும் முகத்திலும் படுகிறது, தோலுக்கு அது கூடாத சாமான், புற்றுநோய் வரை போகலாம். பார் ஒயில் கிடைக்காவிட்டால் புதிய 30 அல்லது 40 நம்பர் என்ஜின் ஒயில் ஊற்றலாம். எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் எழுவான்கரை முழுக்க மணல், கிணற்றில் தண்ணீர் கொஞ்ச ஆழத்திலேயே நிற்கிறது, மெஷின் வைக்கிற கொட்டில் பல வீடுகளில் கிணற்றடியில்தான். மணலில் சொட்டுகிற ஒயில் அப்படியே கீழே இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். ஆகவே திருத்தி முடியும்வரை மெஷினை ஒரு தட்டத்தில் வையுங்கள், கன நாளைக்கு வேலை இல்லை என்றால் ஒயில் டாங்கியை வடித்து வையுங்கள்.

திருத்திய பிறகு சரியா என்று பார்க்க: பாரையும் செயினையும் பூட்டி, பார் நுனியை ஒரு சாண் தூரத்தில் சீமெந்துப் பை பேப்பர் ஒன்றுக்கு நேரே பிடித்துச் சில விநாடி வேகமாக ஓட்டுங்கள், பேப்பரில் ஒயில் கோடு விழ வேண்டும். ஒரு டாங்கி பெற்றோல் முடியும்போது ஒயில் டாங்கியும் ஏறக்குறைய முடிந்து, அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். நிறைய மிச்சம் இருந்தால் ஒழுக்கு நின்றிருந்தாலும் அரியத் தொடங்காதீர்கள், குழாயையும் வால்வையும் திரும்பப் பாருங்கள். பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைந்தது என்று படம் எடுத்துப் போட்டால் அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.