‘ரீகாம்பினன்ட் ஹியூமன்’ நொதி என்றால் மனித உடலிலிருந்து எடுத்ததா?

கேட்டவர் வேலூரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறார். வாங்கப்போகும் குப்பியில் ‘ரீகாம்பினன்ட் ஹியூமன் யுபிஇ2டி2’ என்று போட்டிருக்கிறதாம். மனிதத் திசுவில் எடுத்ததா, நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா, சரக்கு நல்லதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார். காட்பாடிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் புரதம் பிரிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

திசுவில் எடுத்ததில்லை. மனிதனுடையது அந்த 147 அமினோ அமில வரிசை மட்டும்தான். அதற்கான மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்து ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் ஏற்றி, பாக்டீரியாவை வளர்த்து உடைத்து, பெரும்பாலும் நிக்கல் ஏற்றிய மணிகள் நிரப்பிய குழாய் வழியாகப் புரதத்தைப் பிடிப்பார்கள். ஈ. கோலியிடம் யூபிக்விட்டின் (மற்றப் புரதங்களில் குறியாக ஒட்டும் சின்னப் புரதம், கீழே சொல்கிறேன்) ஏற்பாடே கிடையாது என்பதால், அந்தக் குடும்பத்து வேறு நொதிகள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் தொல்லையும் இல்லை. மனித நெறிமுறைக் குழுவுக்கு இதில் வேலையில்லை. நீங்களே குளோன் செய்து தயாரிக்கப் போனால் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டியிருக்கும்.

இதன் வேலை என்ன? சாலை அகலப்படுத்தும்போது இடிக்கவேண்டிய கட்டடத்தில் சிவப்புப் பெயின்ட்டில் குறி போடுவார்களே, செல்லுக்குள் அந்தக் குறிதான் யூபிக்விட்டின். இ1 நொதி செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து யூபிக்விட்டினைத் தயார்செய்யும். அதை இ2 வாங்கிக்கொள்ளும், இ3 அதை எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று தேர்ந்தெடுக்கும். குறிகள் சங்கிலியாகச் சேர்ந்தால் புரோட்டியசோம் அந்தப் புரதத்தை நறுக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த சீசனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உங்கள் யுபிஇ2டி2 ஓர் இ2.

இனி சரக்குக்கு வருவோம். ‘95 சதவீதம் தூய்மை’ என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். செத்த நொதியும் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒரே பேண்டாக அழகாகத்தான் தெரியும். இதன் உயிர் 85ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். யூபிக்விட்டின் அங்கேதான் தயோஎஸ்டர் என்ற கந்தகப் பிணைப்பாக உட்காரும். அந்த சிஸ்டீன் ஆக்சிஜன் பட்டு வீணாகியிருந்தால் கொடுத்த காசு போச்சு.

சோதிப்பது சுலபம். கொஞ்சம் இ1, உங்கள் இ2, யூபிக்விட்டின், மெக்னீசியம், ஏடிபி சேர்த்து 37 டிகிரியில் சில நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டிடிடி (இந்தப் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) இல்லாத சாம்பிள் பஃபர், மற்றதில் டிடிடி உள்ளது. டிடிடி இல்லாததைக் கொதிக்க வைக்காமல் ஜெல்லில் ஓட்டுங்கள். 17 கிலோடால்டன் (புரத எடை அலகு) அருகே இருந்த பேண்ட் யூபிக்விட்டின் எடையும் சேர்ந்து 25 பக்கம் ஏறினால் நொதி உயிரோடு இருக்கிறது. டிடிடி போட்ட லேனில் அது 17க்கே இறங்க வேண்டும், ஏனென்றால் டிடிடி தயோஎஸ்டரை உடைத்துவிடும். ஏடிபி போடாத லேன் ஒன்றும் கட்டாயம் வேண்டும், அதில் பேண்ட் ஏறக் கூடாது. அது இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. பாதி ஏறிப் பாதி கீழேயே நின்றால், இ1 போதவில்லையா என்று முதலில் பாருங்கள், பிறகு விற்றவரிடம் கேளுங்கள்.

இது வெறும் பாடப்புத்தக விஷயமென்று நினைக்க வேண்டாம். வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருவதால், காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகை மாட்டிய மருந்துக் கடைகள் இருக்கும் ஊர் இது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு எழுதித்தரும் போர்டிசோமிப் புரோட்டியசோமையே அடைக்கிறது. அதே நோய்க்கான இன்னொரு மருந்து லெனலிடோமைடு, செரெப்லான் என்ற இ3 பாகத்தைப் பிடித்து, புற்றுசெல்லுக்குத் தேவையான புரதங்களுக்குக் குறி போட வைக்கிறது. அதன் மூத்த உறவு தாலிடோமைடு. கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கியதால் 1960களின் தொடக்கத்தில் விலக்கப்பட்ட அந்த மருந்து செரெப்லானில்தான் ஒட்டுகிறது என்று தெரியவந்தது 2010இல்தான்.

வாங்கும்போது பார்சல் வெள்ளி, சனியில் வந்து சேராதபடி திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், நம்ம ஊர் மே மாத வெயிலில் டிரை ஐஸ் நிற்காது. வந்ததும் பனிக்கட்டி மேல் வைத்து 5, 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் போடுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றே தீர்த்துவிடுங்கள்.